இடமும் இயைபும்: நார்லீகர் ஈர்ப்புக் கொள்கை ஆராய்ச்சி

பத்துப்பாட்டுள் இறுதிக்கண் நின்ற மலைபடுகடாம் கூத்தராற்றுப்படை எனவும் பெயர் பெறும். செங்கண்மாவினை ஆண்ட நன்னன் சேய் நன்னன்மேல் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூலுள், பரிசில் பெற்று மீளுங் கூத்தன் எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுகின்றான். அவன் கூறும் முறை நோக்கத்தக்கது. செங்கண்மா இருக்கும் இடத்தை அவன் தனியே எடுத்துச் சொல்லானல்லன் என்பார் உளராயின், நூலை மீண்டும் படிக்க. மலை, புனம், சிறுகுடி, யாறு, காவலர் எனப் பிறவற்றை நிரலே கூறி, அவற்றொடு வைத்தே ஊரின் இடத்தை உணர்த்துகின்றான். இன்று செங்கத்திற்கு வழி வினவுவார்க்கும் திருவண்ணாமலைக்கு மேற்கே, செய்யாற்றின் பாங்கர், சவ்வாது மலையின் அடிவாரத்தே என்றே விடை கூறுகின்றோம். இடஞ்சொல்லுவதெல்லாம் பிறிதொன்றனைச் சார்த்தியே சொல்லுவதாம். அங்ஙனமாயின் சார்த்துதற்குரிய பொருள்கள் அனைத்தையும் நீக்கியவழி இடம் என ஒன்று எஞ்சி நிற்குமோ, நில்லாதோ? இவ்வினா சிறுவர் விளையாட்டு வினாப் போலத் தோன்றினும், இயற்பியலார் மூன்று நூற்றாண்டுகட்கு மேலாக இதன்கண் வழக்கிட்டு வருகின்றனர்.

எஞ்சி நிற்கும் என்றார் நியூட்டன். 1687-இல் வெளிவந்த தம் பெருநூலில், எப்பொருளையுஞ் சாராது தன்னியல்பில் அசைவின்றி நிற்பதோர் தனியிடமும், ஒருபடித்தாக ஓடுவதோர் தனிக்காலமும் உள என்று அவர் கொண்டார். நில்லாது என்றார் லைப்னிட்ஸ். இடம் என்பது உடனிருக்கும் பொருள்களின் வைப்புமுறை. காலம் என்பது ஒன்றன்பின் ஒன்றாய் நிகழ்வனவற்றின் முறை. முறையுடையன இன்றி முறை மாத்திரம் நில்லாது என்பது அவர் கருத்து. 1715, 1716 ஆகிய ஆண்டுகளில் நியூட்டன் சார்பினராகிய கிளார்க்கோடு அவர் எழுதிக்கொண்ட கடிதங்களில் இவ்வழக்கு விரிந்து கிடக்கின்றது. திக்கினையும் காலத்தினையும் ஒன்பது திரவியங்களுள் வைத்து நித்தியமெனக் கொண்ட வைசேடிகர் மதத்தைப் பயின்ற நம்மனோர்க்கு நியூட்டன் கொள்கை புதிதன்று. லைப்னிட்ஸ் கொண்டதனை ஈண்டு இயைபுநெறி என வழங்குவாம். சார்புக்கொள்கை எனின் ஐன்ஸ்டைன் கொள்கையொடு மயங்குமாகலின் இப்பெயர் வேண்டப்பட்டது. அவையிரண்டும் ஒன்றல்ல என்பது மேலே விளங்கும்.

இயைபுநெறியைச் சொல்லளவில் நிறுத்தாது கணக்கினால் நாட்ட முயன்ற இந்தியர் ஜயந்த விஷ்ணு நார்லீகர். 1938-இல் கோலாப்பூரிற் பிறந்த இவர் கேம்பிரிட்ஜில் பிரெட் ஹாயிலிடம் மாணவராய்ப் பயின்று, அவரோடு கூடி 1964-இல் ஒரு புதிய ஈர்ப்புக் கொள்கையை வெளியிட்டார்; 1972-இல் தாயகம் மீண்டு மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணி புரிந்தார்; 1988-இல் புனேயில் வானியலுக்கும் வான்பௌதிகத்திற்குமான பல்கலைக்கழகங்களின் பொதுநிலையத்தைத் தோற்றுவித்தார்; 2025-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் காலமானார். அறிவியலைத் தம் தாய்மொழியாகிய மராத்தியில் கதையாகவும் கட்டுரையாகவும் எழுதி, அம்மொழியில் எழுதிய தன்வரலாற்றுக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசும் பெற்றவர். மறைந்தார்க்குப் புகழுரை பலர் கூறியுள்ளனர். அவர் கொள்கையை எடுத்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளி ஆராய்ந்த தமிழ்க் கட்டுரை எம் கண்ணிற்பட்டிலது. ஆராய்ச்சியே அறிஞர்க்குச் செய்யும் மரியாதையாகலின் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

முதற்கண் அவர் எடுத்துக்கொண்ட காட்சியைக் காண்போம். செங்கத்திற்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்த் தொலைவில், சவ்வாது மலைமேல் காவலூர் வானாய்வுநிலையம் உளது. வேணு பாப்பு அவர்கள் தேர்ந்த இடம் அது. 1968-இல் அங்கு வேலை தொடங்கிற்று. ஒரு மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி 1972-இலும், 2.34 மீட்டர் விட்டமுடையது 1986-இலும் அமைந்தன. அங்கே ஒருவர் ஒரு விண்மீனைக் குறிக்கொண்டு நின்று, அது மறுமுறை அவ்விடத்தே வருங்காறும் பொழுதை அளப்பாராயின், 23 மணி 56 நிமிடம் 4 விநாடி எனக் காண்பர். அதனாற் பூமி மணிக்கு 15.04 பாகை வீதம் சுழல்கின்றது என்பது பெறப்படும். மற்றொருவர் செங்கத்தில் நாற்புறமும் அடைத்த மண்டபத்துள், விண்ணையே நோக்காது, நீண்ட கம்பியிற் கனத்த குண்டொன்றைத் தூக்கி ஆடவிடுவதாகக் கொள்க. 1851-இல் பாரிசில் ஃபூக்கோ என்பார் செய்து காட்டிய ஊசல் இதுவே. அதன் ஆடுதளம் சிறிது சிறிதாக வலஞ்சுழியாய்த் திரும்பும். செங்கத்தின் அட்சரேகை வடக்கே 12.3 பாகையாதலின், மணிக்கு 3.2 பாகை திரும்பி, ஏறத்தாழ 4 நாளும் 16 மணியும் கழிந்தவழி ஒரு சுற்று முற்றும். இதனைக் கொண்டு கணக்கிடினும் பூமி சுழலும் வீதம் முன்னைய அளவே ஆகின்றது.

மலைமேல் நின்றவர் விண்மீன்களை நோக்கி அளந்தார். மண்டபத்துள் இருந்தவர் இரும்புக் குண்டை நோக்கி அளந்தார். இரண்டளவும் ஒத்தது எவ்வாறு? ஊசல் எதனை நோக்கித் தன் தளத்தை நிறுத்திக்கொள்கின்றது? நெடுந்தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களை நோக்கி என்று தோன்றுகின்றது. தனியிடத்தை நோக்கி என்பர் நியூட்டன் மதத்தினர். விண்மீன்களும் அத்தனியிடத்திற் சுழலாது நிற்றலின் இரண்டும் ஒத்தன என்பர். அவை சுழலாது நிற்பானேன் என வினவின் அவர்க்கு விடையில்லை.

நியூட்டன் தம் பக்கத்திற்குக் காட்டிய சான்று நீர்வாளி. கயிற்றை முறுக்கி நீர் நிறைந்த வாளியைத் தூக்கிவிட்டால், முதலில் வாளி சுழல நீர் சுழலாது. அப்போது நீரின்மேற்பரப்புச் சமமாயிருக்கும். பின்னர் நீரும் வாளியொடு ஒத்துச் சுழலும். அப்போது நடுவே குழிந்து ஓரத்தே உயரும். முன்னையதில் நீருக்கும் வாளிக்கும் இயக்க வேறுபாடு உண்டு, குழிவில்லை. பின்னையதில் வேறுபாடில்லை, குழிவுண்டு. ஆகலின் குழிவிற்குக் காரணம் வாளியை நோக்கிய சுழற்சியன்று, தனியிடத்தை நோக்கிய சுழற்சியே என முடித்தார். 1883-இல் எர்ன்ஸ்ட் மாக் இதனை மறுத்தார். வாளியொன்றனை விலக்கியதனாற் பிற பொருளனைத்தும் விலக்கப்பட்டனவாகா. விண்மீன்களை நோக்கிய சுழற்சி காரணமாகலாம். வாளியின் சுவர் பல காதம் பருத்திருப்பின் நிகழ்வது யாதென யாரே அறிவர் என்பது அவர் தடையின் சாரம். நின்றது நிற்கவும் இயங்குவது நேரே இயங்கவும் அமைந்த இயல்பைச் சடத்துவம் என்பர் இயற்பியலார். அறிவில்லாதது எனச் சித்தாந்திகள் கொள்ளும் சடம் என்னுஞ் சொல்லொடு இதனை மயக்கற்க. இச்சடத்துவம் பொருளின் தன்னியல்பன்று, ஏனைப் பொருள்களனைத்தொடும் அதற்குள்ள இயைபினால் வருவது என்பதே மாக் கருத்தெனக் கொண்டு, ஐன்ஸ்டைன் 1918-இல் இதற்கு மாக் தத்துவம் எனப் பெயரிட்டார்.

ஈண்டு நம் அளவை நூலார் உரைகல்லை எடுத்தல் தகும். புகையுள்ளவிடத்து நெருப்புண்டு, அடுக்களைபோல என்பது அன்னுவயம். நெருப்பில்லாதவிடத்துப் புகையில்லை, மடுவைப்போல என்பது வெதிரேகம். இரண்டும் பொருந்தியவழியே காரணகாரியத் துணிபு வலியுடைத்தாம். மாக் தத்துவத்திற்கு அன்னுவயம் உண்டு: விண்மீன்கள் உள, ஊசல் அவற்றை நோக்கி நிற்கின்றது. வெதிரேகமோ? விண்மீன்களில்லாத அண்டமொன்றில் ஊசலைத் தூக்கிப் பார்த்தார் யாருமில்லை, பார்க்கவும் இயலாது. இங்கே நெருப்பில்லா மடு கிடைப்பதில்லை. ஆதலின் மாக் கூற்று உடனிகழ்ச்சியினின்று காரணத்தை உய்த்துணர்ந்த அளவில் நிற்கின்றது. நியூட்டன் கூற்றும் அதே குறையுடையதே. தனியிடத்தை நீக்கிப் பார்த்தவரும் இலர். இருவருள் ஒருவரே இக்குற்றமுடையார் என்பது நடுவுநிலையன்று. இயற்பியலார் பலர் இதனை வெளிப்படக் கூறாது, ஒரு பக்கத்தை எளியதென்றும் மற்றதை அழகியதென்றும் கூறிச் செல்வது எமக்கு வியப்பைத் தருகின்றது.

காட்சியிற் கிடையாத வெதிரேகத்தைக் கணக்கிற் பெறலாமோ எனின், ஐன்ஸ்டைன் முயன்றது அதுவே. 1915-இல் அவர் முற்றுவித்த ஈர்ப்புக் கொள்கையில் பொருளும் ஆற்றலும் இடகாலத்தின் வளைவை வரையறுக்கும். பொருளில்லையேல் சடத்துவமில்லை என்பது தம் சமன்பாட்டினின்று தானே போதரும் என அவர் நம்பினார். 1917-இல் டி சிட்டர் பொருளொன்றுமில்லாத அண்டமும் அச்சமன்பாட்டிற்கு விடையாதலைக் காட்டினார். அவ்வெறும் அண்டத்தில் ஒரு துகளை இடின் அது சடத்துவத்தோடு இயங்கும். 1949-இல் கோடெல் என்னும் அளவையறிஞர், அண்டத்துப் பொருளனைத்தும் ஊசலின் தளத்தை நோக்கச் சுழன்றுகொண்டிருக்கும் விடையொன்றையும் காட்டினார். ஆகவே ஐன்ஸ்டைன் கொள்கை சார்புக்கொள்கையே எனினும் இயைபுநெறியை முற்றக் கொண்டதன்று. 1954-இல் எழுதிய கடிதமொன்றில் மாக் தத்துவத்தைப் பற்றி இனிப் பேசுதலே வேண்டா என்னும் கருத்தை அவரே தெரிவித்தார். பெயரிட்டவரே கைவிட்டதனை ஹாயிலும் நார்லீகரும் எடுத்துக்கொண்டனர்.

அவர்கள் கொள்கையாவது: ஒரு துகளின் பொருண்மை, அதாவது சடத்துவத்தின் அளவு, அத்துகளுக்குத் தன்னின் உளதன்று. அண்டத்துள்ள ஏனைத் துகள் ஒவ்வொன்றும் அதற்குச் சிறிது சிறிதாக வழங்கும் பங்குகளின் கூட்டே அப்பொருண்மை. ஏனையவெல்லாம் ஒழிந்து ஒரு துகளே எஞ்சின் அதற்குப் பொருண்மை இல்லை. துகள்கள் மிகப்பலவாய் நிறைந்த அண்டத்தில் இக்கொள்கையின் சமன்பாடு ஐன்ஸ்டைன் சமன்பாட்டின் வடிவமே பெறும். ஆகலின் கோள்களின் செலவு, ஒளியின் வளைவு முதலிய காட்சிகள் மாறுபடுவதில்லை. வெறும் அண்டமோ இதன்கண் இடம்பெறாது. ஈர்ப்பு விலக்கலாகாது ஈர்ப்பேயாய் நிற்பதற்கு ஐன்ஸ்டைன் கொள்கையிற் காட்சியைக் கொண்டு குறியிடல் வேண்டும். இதன்கண் அது கொள்கையினின்றே பெறப்படுகின்றது. இவ்விரண்டும் மெய்யான சிறப்புக்களே. மாக் வாய்ப்பாட்டாற் சொல்லியதற்கு இவர்கள் உடல் கொடுத்தனர் என்பதில் ஐயமில்லை.

இனித் தடைகளுட் செல்வாம். வலியது ஹாக்கிங் எழுப்பியது. 1964 ஜூன் மாதத்தில் இலண்டன் அரச கழகத்தில் ஹாயில் இக்கொள்கையை உரைத்தபோது, ஆராய்ச்சி மாணவராயிருந்த ஸ்டீபன் ஹாக்கிங் எழுந்து, அக்கூட்டுத்தொகை முடிவின்றிப் பெருகும் என்றார். மறு ஆண்டில் அதனைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். இதன் காரணத்தைச் சிறிது விரித்தல் வேண்டும். துகளுக்குத் துகள் நேரே பங்கு வழங்கும் இம்முறையில், வீலரும் பெயின்மனும் 1945-இல் மின்னியலுக்குக் கூறியவாறே, பங்கிற் பாதி இறந்தகாலத்துத் துகள்களினின்றும் பாதி எதிர்காலத்துத் துகள்களினின்றும் வரும். எதிர்காலத்திலிருந்து வருவதா எனச் சற்காரியவாதிகள் திடுக்கிடுவர், அத்திடுக்கீடு நியாயமானதே. எதிர்காலப் பங்குகள் அண்டத்தின் மொத்த மறுமொழியால் ஒன்றையொன்று அழித்து, காட்சிக்கு இறந்தகாலப் பங்கு மாத்திரமே எஞ்சும் என்பது ஆசிரியர்கள் மின்னியலுக்குக் கூறிய விடை. பொருண்மையின் கணக்கிலோ, விரிந்து செல்லும் அண்டத்தில் எதிர்காலப் பாதி முடிவிலியாகின்றது என்று ஹாக்கிங் காட்டினார். காட்சியளவையாற் பெற்ற விரிவொடு கொள்கை பகைகொள்கின்றது. எதிர்க்குறியுடைய பொருண்மையும் உண்டெனக் கொள்ளின் தப்பலாம் என்று அவரே ஒரு வழியுங் காட்டினார். அவ்வழி செல்வதாயின், ஈர்ப்பு ஈர்ப்பேயாய் நிற்கும் என்ற முன்னைச் சிறப்பு ஆட்டங்காணும்.

இரண்டாவது தடை எம்முடையது. ஆயினும் இயற்பியலார்க்குந் தெரியாததன்று. ஒவ்வொரு துகளுக்கும் ஏனையவை பங்கு வழங்குமாயின் புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு பொருண்மை பெற்றது எதனால்? இரண்டும் ஒரே அண்டத்தில், ஒரே விண்மீன்களின் நடுவே கிடக்கின்றன. ஏற்குந் திறன் வேறுபட்டது என்னலே விடை. கொள்கையும் இணைப்பெண் என்பதொன்றைத் துகளுக்குரியதாக வைத்திருக்கின்றது. அற்றேல், அவ்விணைப்பெண் யாதனோடு இயைந்து வந்தது? அது துகளின் தன்னியல்பே. படிகம் அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டும். காட்டுந் திறன் அடுத்த பொருளினுடையதன்று, படிகத்தினுடையது. கருங்கல்லை அதே மலரினருகே வைப்பின் நிறங்காட்டாது. அங்ஙனமே இக்கொள்கையும் தன்னியல்பை ஓரிடத்து நீக்கி மற்றோரிடத்து வைத்ததன்றி முற்ற நீக்கிற்றில்லை. குணம் குணியின் வேறன்று என்பாரை இவர்கள் மறுத்துவிட்டனர் எனக் கொள்ளுதல் பிழை. மறுத்தது பொருண்மை குணமென்பதனையே, குணம் என்பதனையன்று. பிற்கால ஆராய்ச்சியும் இப்பக்கமே சாய்ந்தது. புரோட்டானின் பொருண்மையுட் பெரும்பகுதி அதனகத்தே குவார்க்குகளைப் பிணிக்கும் ஆற்றலினின்று வருவது. எலக்ட்ரானுடையது, 2012-இல் ஜெனீவாவிற்கருகே கண்டறியப்பட்ட துகளுக்குரிய ஹிக்ஸ் புலத்தொடு அதற்குள்ள பிணிப்பினின்று வருவது. இவை தொலைவிலுள்ள விண்மீன்களை வேண்டி நிற்பனவாகத் தெரியவில்லை.

மூன்றாவதாக ஒரு சோதனையைக் கூறுவாம். பொருண்மை பிற பொருள்களினின்று வருவதாயின், நம் விண்மீன் மண்டலத்தின் நடுவிடம் இருக்குந் திசையிற் பொருள் மிகுதியாதலின், அத்திசை நோக்கி இயங்கும்போது சடத்துவம் சிறிது வேறுபடல் வேண்டுமன்றோ? இவ்வாறு 1958-இல் கொக்கோனியும் சால்பீட்டரும் வினவினர். அடுத்த சில ஆண்டுகளில் ஹியூஸ் முதலியோர் அமெரிக்காவிலும், டிரெவர் ஸ்காத்லாந்தில் ஒரு தோட்டத்திலே எளிய கருவிகொண்டும், லித்தியம் அணுக்கருவைச் சோதித்தனர். மிக மிக நுண்ணிய அளவிலும் வேறுபாடு காணப்படவில்லை. அதற்கு டிக்கே கூறிய சமாதானம்: எல்லாத் துகள்களின் சடத்துவமும் ஒருங்கே வேறுபடின் அளக்கும் கோலும் உடன் வேறுபடும், ஆகலின் காணப்படாது என்பது. இது நுண்ணிய விடை. ஆயினும் காணினும் கொள்கை மெய், காணாவிடினும் கொள்கை மெய் என்று முடியுமாயின் அங்கே சோதனைக்கு வேலையில்லை. எம் கருத்தில் மாக் தத்துவத்தினர் மிக நொய்ந்து நிற்கும் இடம் இதுவே. ஹாக்கிங் காட்டிய முடிவிலியைத் திருத்த ஒருநாள் வழி பிறக்கலாம். எதனாலும் பொய்ப்படாத கூற்றுக்கோ திருத்தமே இல்லை.

நார்லீகர் கொள்கையிற் பொய்ப்படக்கூடிய பகுதிகளும் இருந்தன என்பதை அவர்க்குச் சார்பாகக் கூறல் வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அவரும் ஹாயிலும் ஈர்ப்பெண் காலஞ் செல்லச் செல்லக் குறையும் வடிவமொன்றைக் கூறினர். 1937-இல் டிராக் கூறியதும் இத்தகையதே. அதன்படி குறைவு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கோடியில் ஒரு பங்கு என்னும் அளவினது. சந்திரனில் வைத்த ஆடிகளுக்கு லேசர் ஒளி செலுத்தி அதன் தொலைவை அளந்தோர், குறைவு உளதாயினும் அது ஒரு இலட்சங் கோடியில் ஒரு பங்கினுங் குறைந்ததே எனக் கண்டனர். அவ்வடிவம் வீழ்ந்தது. வீழக்கூடியதாய் ஒன்றைக் கூறி அது வீழ்ந்தமை கூறினார்க்கு இழுக்கன்று.

அண்டத்தின் தோற்றம்பற்றிய அவர் நிலையோ வேறு வகையது. ஹாயில், பாண்டி, கோல்டு மூவரும் 1948-இல் அண்டம் என்றும் ஒரு நிலையது, விரிவினாற் குறையும் பொருள் புதிதாகத் தோன்றி நிரப்பும் என்றனர். இல்லது தோன்றுமோ என நம்மவர் கேட்கும் வினாவையே ஐரோப்பியருங் கேட்டனர். எதிர்க்குறி ஆற்றலுடைய சி-புலம் என்பதொன்றை வைத்து, பொருளின் தோற்றத்தை அப்புலத்தின் ஆற்றல் ஈடுசெய்யும் எனக் காட்டியதில் நார்லீகர்க்குப் பெரும்பங்குண்டு. ஆற்றல் ஒருதலையாகப் பெருகவில்லையாகலின் இல்லது தோன்றிற்றென்னுங் குற்றம் நீங்கிற்று. ஆனால் 1965-இல் பென்சியாசும் வில்சனும் வெளியிட்ட நுண்ணலை வெப்பம் எல்லாத் திசையினும் ஏறத்தாழ 2.7 கெல்வின் அளவில் ஒத்திருந்தமை, அண்டம் ஒருகால் மிக வெம்மையுற்றிருந்தது என்பதற்குச் சான்றாயிற்று. அறிஞர் பெரும்பாலார் நிலைபேற்றுக் கொள்கையைக் கைவிட்டனர். நார்லீகர் விட்டிலர். ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோரொடு கூடி 1993-இல், ஏறத்தாழ 5,000 கோடி ஆண்டுக்கொருமுறை ஒடுங்கி விரியும் அண்டமொன்றைக் கூறி, விண்வெளியில் இரும்பு ஊசித்துகள்கள் விண்மீனொளியை ஏற்று மீண்டும் விடுத்தலே அவ்வெப்பம் என விளக்கினார். வெப்பத்தின் சிற்றேற்றத்தாழ்வுகளைப் பின்வந்த விண்கலங்கள் அளந்தபின் அவ்விளக்கம் பெரும்பாலாரால் ஏற்கப்படவில்லை. எமக்கும் அது வலிந்து கூறியதாகவே படுகின்றது. இவ்வீழ்ச்சியைக் கொண்டு அவருடைய ஈர்ப்புக் கொள்கையும் வீழ்ந்ததென எழுதுவார் உளர். அது தவறு. ஈர்ப்புக் கொள்கை நிலைபேற்று அண்டத்தை வேண்டி நிற்பதென ஒருவாறு கூறலாமேயன்றி, இரண்டும் ஒன்றெனல் ஆகாது. ஒவ்வொன்றனையும் அதனதன் குற்றத்தாலேயே கழித்தல் முறை.

இக்கொள்கையிலிருந்து பிறந்த மற்றொரு விளைவு கருதத்தக்கது. தொலைவிலுள்ள மண்டலங்களின் ஒளி சிவப்பு நோக்கிப் பெயர்வதற்கு அண்டம் விரிதல் காரணம் என்பது பொது வழக்கு. நார்லீகர் சமன்பாட்டை வேறோர் அளவுகோலில் எழுதின், அண்டம் விரியாது நிற்கும். துகள்களின் பொருண்மையே காலத்தால் வளரும். முற்காலத்து அணு பொருண்மை குறைந்தது, ஆகலின் அது விடுத்த ஒளி நீண்ட அலையுடையது எனச் சிவப்புப் பெயர்ச்சி பெறப்படும். ஒரே காட்சிக்கு இருவகை உரை. இதனைக் கண்டு, அண்ட விரிவே பொய்த்தோற்றம் என எழுதிவிட்டார் சிலர். ஒரே நீளத்தைக் கோலாலும் முழத்தாலும் அளந்து இருவேறு எண் பெற்றவன் நீளமே பொய் என்பானாயின், அவனொடு வழக்கிடல் வேண்டா.

இது நம்மவர் பக்கம் கொணர்ந்து நிறுத்துகின்றது. இயைபுநெறியைக் கேட்டமாத்திரத்தே, சார்ந்து தோன்றுவதெல்லாம் மெய்யன்று, ஆகலின் உலகம் மித்தை என்று விஞ்ஞானமே ஒப்பிற்று என்பார் ஒரு சாரார். இயைபு என்பது இயைவன உளவாகியவழியே உளதாவது. நார்லீகர் துகளுக்குப் பொருண்மை பிறவற்றால் வருவதென்றாரன்றித் துகளே இல்லை என்றாரல்லர். காலமும் ஆகாயமும் மாயையின் காரியம் என நம் ஆகமங்கள் அன்றே கூறின, அதனையே இன்று கண்டனர் என மகிழ்வார் மற்றொரு சாரார். இவர் நம்மவராகலின் இவர்க்குச் சற்று வன்மையாகவே சொல்லல் வேண்டும். காலத்தை நித்தியத் திரவியமெனக் கொண்ட வைசேடிகரைச் சித்தாந்திகள் மறுத்தது உண்மை. ஆயினும் சித்தாந்தம் கூறுங் காலதத்துவம் அசுத்தமாயையில் தோன்றி, உயிரின் நுகர்ச்சியை இறப்பு நிகழ்வு எதிர்வு என வரையறுப்பது. ஊசலின் ஆட்டத்தால் அளக்கப்படும் எண் அத்தத்துவம் ஆகாது. இடங்கொடுத்தலைத் தொழிலாகவுடைய ஆகாயமும் ஐன்ஸ்டைன் வளைத்த இடகாலமும் சொல்லளவில் நெருங்கினவேயன்றிப் பொருளளவில் ஒன்றென நிறுவினார் எவருமிலர். மேலும், இன்று ஒருவர் கணக்கை நம் நூற்குச் சான்றாக ஏற்றி, நாளை ஒரு ஹாக்கிங் எழுந்து அக்கணக்கு முடிவிலியாகும் என்றால், நம் நூலையும் உடன் முடிவிலியில் ஏற்றுவதோ? காட்சியும் கருதலும் கொண்டு செல்லும் துறையை அவற்றானே ஆராய்தல் அமையும். உரையளவையின் எல்லை வேறு.

இயைபுநெறி இத்துடன் ஒழிந்ததெனக் கொள்ளற்க. வெதிரேகம் கிடையாது என்று மேலே கூறினோம். ஒரு சிறு கூறேனும் கிடைக்குமோ எனின், கிடைத்துளது. விண்மீன்களை நீக்குதல் இயலாதெனினும், அருகிலுள்ள பொருளொன்று சுழல ஊசலும் சிறிது உடன் இழுபடுகின்றதா எனப் பார்க்கலாம். இழுபடும் என்று லென்சும் திர்ரிங்கும் 1918-இலேயே ஐன்ஸ்டைன் கொள்கையினின்று கணக்கிட்டனர். 2004-இல் ஏவப்பட்ட விண்கலமொன்றில் பம்பரம்போற் சுழலும் உருண்டைகளை வைத்து அளந்து, 2011-இல் முடிவு கூறினர். பூமியின் சுழற்சி அவற்றை ஆண்டொன்றுக்கு ஒரு பாகையில் ஏறத்தாழ 97,000-இல் ஒரு கூறு இழுத்தது. அளவிற் பிழையெல்லை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு. கணக்கிட்ட அளவும் அவ்வெல்லைக்குள் அடங்கிற்று. பொருள் சுழலச் சடத்துவத்தின் திசையும் உடன் சாய்கின்றது என்பது இதனாற் காட்சியாயிற்று. மாக் தத்துவத்திற்கு இது துணையே. ஆனால் ஐன்ஸ்டைன் கொள்கைக்கும் துணையாகலின் இரண்டனுள் ஒன்றைத் தெரிதற்கு உதவாது.

தெரிதற்கு உதவக்கூடியதொன்றை ஜூலியன் பார்பரும் புருனோ பெர்த்தொத்தியும் 1982-இல் கூறினர். துகள்களின் இடைத்தொலைவுகளே உள்ளன, தனியிடமும் தனிக்காலமும் இல்லை எனக் கொண்டு அவர்கள் இயக்கநூலை எழுதியவழி, நியூட்டன் நூலின் விடைகளுள் ஒரு பகுதியே எஞ்சிற்று: அண்டமனைத்தையும் ஒருங்கே நோக்கின் அதன் சுழற்சித்தொகை சுழியமாதல் வேண்டும். நியூட்டன் மதத்தில் அது சுழியமாகலாம், ஆகாமலும் இருக்கலாம். இதுகாறும் நுண்ணலை வெப்பத்தை அளந்தோர் அண்டத்திற் சுழற்சியொன்றும் காணவில்லை. பின்னாளில் ஒரு சிறு சுழற்சியேனும் ஐயமறக் காணப்படுமாயின், காவலூரில் விண்மீனை நோக்கி அளந்தவர் எண்ணும் செங்கத்தில் ஊசலை நோக்கி அளந்தவர் எண்ணும் அந்நுண்ணளவிற் பிரிந்து நிற்கும்.